நடக்காததைச் சொல்லும் ஆங்கிலம்: வாசகர் கேள்வி–பதில்

ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. கடந்த காலத்தில் நடக்காமல் போன ஒன்றை, நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதே அது. பள்ளிப் பாடத்தில் ‘மூன்றாம் வகை இஃப் கிளாஸ்’ என்று படித்தது நினைவிருக்கலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். அவற்றை வாய்விட்டுப் படித்தால் அமைப்பு எளிதில் பிடிபடும்.

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தேயிலை மாதிரிகளைக் காலங்கடந்து கேட்ட ஒரு வியாபாரிக்கு, “இஃப் யூ வுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் அஸ், வீ வுட் ஹேவ் சென்ட் த சாம்பிள்ஸ்” என்று கடிதம் எழுதினேன். மேலாளர் முதல் ‘வுட் ஹேவ்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹேட்’ என்று எழுதினார்; காரணம் சொல்லவில்லை. வியாபாரி தெரிவிக்கவும் இல்லை, நாங்கள் அனுப்பவும் இல்லை. இரண்டும் நடக்காதவை என்னும்போது இரண்டையும் ஒரே வடிவத்தில் எழுதினால் என்ன?

பதில்: மேலாளரின் திருத்தம் சரியானது. அதற்கான காரணம் தமிழிலேயே இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நீங்கள் மனத்தில் நினைத்த தமிழ் வாக்கியம், “தெரிவித்திருந்தால் அனுப்பியிருப்போம்” என்பதாக இருந்திருக்கும். இதில் ‘இரு’ இரண்டு முறை வருகிறது. அந்த இரண்டும் காதில் ஒன்றுபோலவே ஒலிப்பதால், ஆங்கிலத்திலும் ஒரே துணைவினையை இரண்டு இடத்திலும் வைக்கக் கை போகிறது. தமிழ் பேசுவோர் இந்த இடத்தில் தடுமாறுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. ஆனால் அந்த இரண்டு ‘இரு’க்களும் ஒன்றல்ல. முதலாவது ‘இருந்தால்’, அது ‘இருந்த’ என்ற இறந்தகால வடிவத்தின் மேல் ‘ஆல்’ சேர்ந்து உருவானது. இரண்டாவது ‘இருப்போம்’, அதில் எதிர்காலத்துக்கு உரிய ‘ப்ப்’ இருக்கிறது. நிபந்தனைக்கு இறந்தகாலம், விளைவுக்கு எதிர்காலம் என்று தமிழ் தெளிவாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

ஆங்கிலமும் இதே பிரிவைத்தான் பின்பற்றுகிறது. ‘ஹேட்’ என்பது ‘ஹேவ்’ என்பதன் இறந்தகாலம். ஆகவே அது நிபந்தனைப் பகுதிக்கு உரியது. ‘வுட்’ என்பது ‘வில்’ என்பதிலிருந்து வந்தது. ‘வில்’ எதிர்காலத்துக்கு உரியது என்பதால் ‘வுட்’ விளைவுப் பகுதியில் அமர்கிறது. எனவே ‘தெரிவித்திருந்தால்’ என்பதற்கு ‘இஃப் யூ ஹேட் இன்ஃபார்ம்ட்’ என்றும், ‘அனுப்பியிருப்போம்’ என்பதற்கு ‘வீ வுட் ஹேவ் சென்ட்’ என்றும் நேருக்கு நேர் பொருத்திக்கொள்ளலாம். இஃப் பகுதிக்குள் ‘வுட் ஹேவ்’ போடுவது, தமிழில் ‘தெரிவித்திருப்பால்’ என்று ஒரு சொல்லை உருவாக்குவதற்குச் சமம். அப்படி ஒரு வடிவத்தை நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. அடுத்த முறை ஐயம் வந்தால் தமிழ் வினையின் முடிவைப் பாருங்கள்: ‘ஆல்’ இருக்கும் இடத்தில் ‘ஹேட்’, ‘ப்ப்’ இருக்கும் இடத்தில் ‘வுட் ஹேவ்’.

அப்படியானால் ‘இஃப் யூ இன்ஃபார்ம்ட் அஸ்’ என்ற சாதாரண இறந்தகாலம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஆங்கிலத்தில் உண்மைக்கு மாறானதைச் சொல்லும்போது வினை ஒரு படி பின்னால் நகர்கிறது. இன்று என்னிடம் பணம் இல்லாத நிலையில் ‘இஃப் ஐ ஹேட் மணி’ என்று சொல்கிறோம். காலம் நிகழ்காலம், வடிவமோ இறந்தகாலம். இவ்வாறு நிகழ்காலக் கற்பனைக்கு இறந்தகால வடிவம் ஏற்கெனவே செலவாகிவிட்டதால், கடந்தகாலக் கற்பனை இன்னும் ஒரு படி பின்னால் போய் ‘ஹேட்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இந்த நகர்வைப் புரிந்துகொண்டவருக்கு வாய்ப்பாடு தேவைப்படாது.

அமெரிக்காவில் பேச்சு வழக்கில் ‘இஃப் யூ வுட் ஹேவ்’ என்று சொல்பவர்கள் உண்டு. திரைப்படங்களிலும் காணொளிகளிலும் அதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் வணிகக் கடிதத்திலும் தேர்வுத் தாளிலும் அது பிழையாகவே கொள்ளப்படும். ‘இஃப் யூ வுட் வெயிட் எ மினிட்’ என்று பணிவாக ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது முற்றிலும் வேறு. அங்கே ‘வுட்’ விருப்பத்தைக் குறிக்கிறது. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கூடலூரில் பிளஸ் டூ படிக்கிறேன். ‘இருந்தால்’ என்று முடிந்தால் ‘ஹேட்’ போட வேண்டும் என்று படித்தேன். “டாக்டர் வந்திருந்தால் டோக்கன் வாங்கி வை” என்பதை “இஃப் த டாக்டர் ஹேட் கம், கெட் எ டோக்கன்” என்று எழுதினேன். தவறு என்றார்கள். ஏன்?

பதில்: முந்தைய பதிலில் சொன்ன பொருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை உங்கள் கேள்வி சரியாகத் தொட்டிருக்கிறது. தமிழில் ‘வந்திருந்தால்’ இரண்டு வேலைகளைச் செய்கிறது. “டாக்டர் வந்திருந்தால் டோக்கன் வாங்கி வை” என்று அம்மா சொல்லும்போது டாக்டர் வந்தாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. “டாக்டர் வந்திருந்தால் நேற்றே காட்டியிருப்போம்” என்னும்போது டாக்டர் வரவில்லை என்பது உறுதி. தமிழ் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, வேறுபாட்டைப் பின்னால் வரும் வினையிடம் விட்டுவிடுகிறது. ஆங்கிலமோ நிபந்தனைப் பகுதியிலேயே முடிவெடுக்கச் சொல்கிறது. தெரியாத நிலைக்கு ‘இஃப் த டாக்டர் ஹேஸ் கம், கெட் எ டோக்கன்’. வரவில்லை என்று தெரிந்த நிலைக்கு ‘இஃப் த டாக்டர் ஹேட் கம், வீ வுட் ஹேவ் ஷோன் ஹிம் த ரிப்போர்ட் எஸ்டர்டே’.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ‘வந்திருந்தால்’ என்ற பகுதிக்குப் பின் “ஆனால் வரவில்லை” என்று மனத்துக்குள் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘ஹேட்’, பொருந்தாவிட்டால் ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’.

விளைவுப் பகுதியிலும் இதே இரட்டைப் பொருள் உண்டு. மணியைப் பார்த்துவிட்டு “மசினகுடி பஸ் இந்நேரம் போயிருக்கும்” என்று சொல்கிறோம். இதில் நிபந்தனை எதுவும் இல்லை. இது வெறும் ஊகம். நம் ஊர் ஆங்கிலத்தில் இதற்கும் ‘த பஸ் வுட் ஹேவ் லெஃப்ட்’ என்றே சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்பவர், ‘வுட் ஹேவ்’ என்பதற்கு உரிய ‘இஃப்’ எங்கே என்று காத்திருக்கக்கூடும். ‘த பஸ் மஸ்ட் ஹேவ் லெஃப்ட்’ அல்லது ‘த பஸ் வில் ஹேவ் லெஃப்ட் பை நவ்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். ஏரியைக் காட்டும்போது வெளிநாட்டுப் பயணிகளிடம் “இஃப் லெவிஞ்ச் டிட் நாட் மேக் திஸ் லேக், கோடை வுட் நாட் ஹேவ் பீன் லைக் திஸ் டுடே” என்று சொல்வது வழக்கம். அவர்களுக்குப் புரிகிறது, ஆனால் இலக்கணம் சரிதானா?

பதில்: புரியும்படி சொல்வதே வழிகாட்டியின் முதல் கடமை, அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். இலக்கணத்தில் இரண்டு இடங்களைச் சீர்செய்தால் போதும்.

மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் அந்த ஏரியை உருவாக்கியது 1863-இல். அது முடிந்துபோன செயல்; அதை இல்லாததாகக் கற்பனை செய்கிறீர்கள். ஆகவே ‘டிட் நாட் மேக்’ என்பதற்குப் பதிலாக ‘ஹேட் நாட் மேட்’ வர வேண்டும். இரண்டாவது திருத்தம் சற்று நுட்பமானது. நிபந்தனை கடந்த காலத்தைச் சேர்ந்தது என்றாலும், விளைவு இன்றைக்கு உரியது. நீங்களே ‘டுடே’ என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்றைய விளைவுக்கு ‘வுட் ஹேவ் பீன்’ பொருந்தாது. ‘வுட் பி’ என்றே சொல்ல வேண்டும். “இஃப் லெவிஞ்ச் ஹேட் நாட் மேட் திஸ் லேக், கோடை வுட் நாட் பி லைக் திஸ் டுடே” என்பது பிழையற்ற வாக்கியம்.

தமிழிலும் இந்த வேறுபாட்டை நாம் காட்டாமல் இல்லை. “ஏரியை வெட்டாமல் விட்டிருந்தால் இன்று இங்கே படகு ஓடாது” என்கிறோம். “அன்று படகுக் குழாம் தோன்றியிருக்காது” என்றும் சொல்கிறோம். ‘ஓடாது’ என்றால் இன்று, ‘தோன்றியிருக்காது’ என்றால் அன்று. ‘ஓடாது’ என்பதற்கு ‘வுட் நாட் பி ரன்னிங்’, ‘தோன்றியிருக்காது’ என்பதற்கு ‘வுட் நாட் ஹேவ் கம் அப்’ என்று கொள்ளுங்கள். பள்ளியில் வகைகளைத் தனித்தனிக் கட்டங்களாகக் கற்பித்துவிடுவதால், கடந்தகால நிபந்தனையோடு நிகழ்கால விளைவைச் சேர்க்கலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. ஊரின் வரலாற்றைப் பேசும் உங்களைப் போன்றோருக்கு மிகவும் பயன்படும் வடிவம் இதுதான்; காரணம் அன்றும், காட்சி இன்றும் இருப்பது வழிகாட்டியின் ஒவ்வொரு வாக்கியத்திலும் நிகழ்கிறது.

வரலாற்றைப் பற்றி இப்படிப் பேசும்போது அளவு தவறக்கூடாது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் நடந்துவந்த வானியல் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது; சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கே கண்டறிந்தார். ஆய்வகம் மாறாமல் இருந்திருந்தால் அவர் அதைக் கண்டறிந்தே இருக்கமாட்டார் என்று நாம் உறுதியாகச் சொல்ல முடியாது; வேறோர் இடத்தில் கண்டறிந்திருக்கவும் கூடும். ‘வுட் நாட் ஹேவ்’ என்றால் உறுதி. ‘மைட் நாட் ஹேவ்’ என்றால் வாய்ப்பு. “இஃப் தி அப்சர்வேட்டரி ஹேட் ஸ்டேய்ட் இன் மெட்ராஸ், எவர்ஷெட் மைட் நாட் ஹேவ் மேட் த டிஸ்கவரி” என்பதே நேர்மையான வாக்கியம். ஒரு துணைவினையை மாற்றுவதால் வழிகாட்டியின் சொல்லுக்கு நம்பகத்தன்மை கூடுகிறது.

கேள்வி: குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் நான். வெளிநாட்டில் வளரும் பேத்திக்குத் தமிழ் படிக்க வராததால் ஆங்கிலத்தில்தான் செய்தி அனுப்புகிறேன். என் பிறந்தநாளன்று அவள் அழைக்கவில்லை. “நீ போன் பண்ணியிருக்கலாம், கண்ணு” என்ற எண்ணத்தில் “யூ மே ஹேவ் கால்டு மீ” என்று எழுதினேன். அவள் “நோ பாட்டி, ஐ டிடின்ட் கால்” என்று பதில் அனுப்பினாள். என் மனத்தாங்கல் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. எங்கே தவறியது?

பதில்: அம்மா, உங்கள் பேத்தி நீங்கள் எழுதியதற்குச் சரியான பதிலைத்தான் அனுப்பியிருக்கிறாள். ‘யூ மே ஹேவ் கால்டு மீ’ என்றால் “நீ ஒருவேளை கூப்பிட்டிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை” என்று பொருள். தவறிய அழைப்பு ஏதாவது வந்ததா என்று பாட்டி கேட்பதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

‘பண்ணியிருக்கலாம்’ என்ற தமிழ்ச் சொல்லிலும் இந்த இரண்டு பொருள்களும் அடங்கியிருக்கின்றன. தெரியாததை ஊகிக்கும்போதும் அதே சொல்; நடக்காததற்கு வருந்தும்போதும் அதே சொல். நேரில் பேசும்போது குரலும், ‘பண்ணியிருக்கலாமே’ என்று இழுத்துச் சேர்க்கும் ஏகாரமும் வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பைத் துணைவினைதான் சுமக்க வேண்டும். ஊகத்துக்கு ‘மே ஹேவ்’. வாய்ப்பிருந்தும் செய்யவில்லையே என்ற வருத்தத்துக்கு ‘குட் ஹேவ்’. ‘யூ குட் ஹேவ் கால்டு மீ’ என்று எழுதியிருந்தால் அவளுக்கு உடனே புரிந்திருக்கும். ‘மைட் ஹேவ்’ என்பதை ஊகத்துக்கும் பயன்படுத்தலாம், குறை சொல்லவும் பயன்படுத்தலாம். ஆனால் ‘யூ மைட் ஹேவ் கால்டு மீ’ என்று குறையாகச் சொல்லும்போது அதில் ஒரு கடுகடுப்பு ஏறிவிடும். பேத்திக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன்.

‘பண்ணியிருக்க வேண்டும்’ என்பதிலும் கவனம் தேவை. காலையில் கதவைத் திறந்து ஈரமான சாலையைப் பார்த்து “இராத்திரி மழை பெய்திருக்க வேண்டும்” என்கிறோம். இது ஊகம், ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’. “அவன் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்” என்பது கடமை தவறியதைக் குறிப்பது. ‘ஹி ஷுட் ஹேவ் டோல்டு அஸ்’. இரண்டாவது இடத்தில் ‘மஸ்ட் ஹேவ்’ போட்டால், அவன் சொல்லிவிட்டான் என்றே பொருளாகிவிடும். அலுவலகக் கடிதங்களில் இந்த ஒரு பிழையால் பொருள் தலைகீழாக மாறுவதைப் பார்க்கலாம்.

உங்கள் மனத்தாங்கல் அன்போடு போய்ச் சேர வேண்டுமானால், “யூ குட் ஹேவ் கால்டு மீ, கண்ணு. ஐ வுட் ஹேவ் பீன் ஸோ ஹேப்பி” என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் ‘இஃப்’ இல்லை என்று கவலைப்பட வேண்டாம். முதல் வாக்கியமே அதற்கு நிபந்தனையாக நிற்கிறது.

கேள்வி: “இஃப் ஐ ஹேட் ஹேட் டைம்” என்று ஒரு கதையில் படித்தேன். இரண்டு ‘ஹேட்’ அச்சுப்பிழையா? — வெலிங்டன் வாசகர்

பதில்: பிழையில்லை. முதல் ‘ஹேட்’ துணைவினை. இரண்டாவது, ‘வைத்திருத்தல்’ என்ற பொருள் தரும் ‘ஹேவ்’ என்ற முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். “எனக்கு நேரம் இருந்திருந்தால்” என்று நாமும் ‘இரு’வை இரண்டு முறை சொல்லத்தானே செய்கிறோம்.

கேள்வி: பேச்சில் ‘ஐட்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அது ‘ஐ ஹேட்’ என்பதா, ‘ஐ வுட்’ என்பதா? — உதகை, கல்லூரி மாணவர்

பதில்: இரண்டும் அப்படித்தான் சுருங்கும். பின்னால் வரும் வினையைக் கேளுங்கள். ‘ஐட் கான்’ என்றால் ‘கான்’ மூன்றாம் வடிவம்; எனவே ‘ஹேட்’. ‘ஐட் கோ’, ‘ஐட் ஹேவ் கான்’ என்றால் ‘வுட்’.

கேள்வி: பூம்பாறை அருகே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக வாக்கியம் அமைக்கச் சொன்னால் திணறுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாய்ப்பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நடந்த செய்தியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் நன்கு அறிந்த இரண்டு உண்மைகளை முதலில் சாதாரண இறந்தகாலத்தில் எழுதச் சொல்லுங்கள். “த பஸ் டிட் நாட் கம். வீ வாக்ட் டு ஸ்கூல்.” பேருந்து வரவில்லை, நடந்து வந்தோம். இது மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாத அனுபவம். இப்போது இரண்டையும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். ‘வரவில்லை’ என்பது ‘வந்திருந்தால்’ ஆகிறது. ‘நடந்தோம்’ என்பது ‘நடந்திருக்கமாட்டோம்’ ஆகிறது. “இஃப் த பஸ் ஹேட் கம், வீ வுட் நாட் ஹேவ் வாக்ட்.” உண்மையில் ‘இல்லை’ இருந்தால் கற்பனையில் அது மறைகிறது; இல்லாவிட்டால் புதிதாகச் சேர்கிறது. இந்தத் திருப்பத்தைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கும்வரை வகைகளின் பெயர்களைச் சொல்ல வேண்டாம். மறுபுறத்திலிருந்தும் பயிற்சி கொடுங்கள்: கற்பனை வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள், உண்மையில் என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லட்டும். “இஃப் மை அங்கிள் ஹேட் கம் டு கோடை இன் 2018, ஹி வுட் ஹேவ் சீன் த குறிஞ்சி” என்றால், மாமா வந்தாரா? பூவைப் பார்த்தாரா? 2018-இல் மலையில் குறிஞ்சி பூத்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வெறும் இலக்கணப் பயிற்சியாக இருக்காது.

பிள்ளைகள் திணறுவதற்கு இன்னொரு காரணம் வினைகளின் மூன்றாம் வடிவம் மனப்பாடமாக இல்லாததே. ‘வுட் ஹேவ் வென்ட்’, ‘ஹேட் சா’ என்று எழுதும் பிள்ளைக்கு நிபந்தனை வாக்கியம் புரிந்திருக்கிறது. ‘கான்’, ‘சீன்’ என்ற வடிவங்கள்தான் கைவசம் இல்லை. அவற்றை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். திருத்தும்போது இரண்டு பிழைகளையும் வேறு வேறாகக் குறியுங்கள். அமைப்பு சரியாக இருக்கும் வாக்கியத்தின் மேல் மொத்தமாகச் சிவப்புக் கோடு போட்டால், சரியாகச் செய்ததையும் பிள்ளை கைவிட்டுவிடும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கடந்தகாலக் கற்பனையில் ‘இஃப் நாட்’ என்பதற்குப் பதிலாக ‘அன்லெஸ்’ எழுதலாமா? ‘இஃப்’ இல்லாமல் எழுதும் முறைகளையும் சொல்லுங்கள். — உதகை

பதில்: ‘அன்லெஸ்’ வேண்டாம். அது இன்னும் நடக்கக்கூடிய நிலைக்கு ஏற்றது. நடந்து முடிந்ததை இல்லாததாகக் கற்பனை செய்யும்போது ‘இஃப் நாட்’ என்பதே பொருந்தும்.

‘இஃப்’ இல்லாமல் எழுத இரண்டு வழிகள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் தொடங்கிய நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி உயரும் பாதையில் எஞ்சின் ஏறுவதற்காக, தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் (‘ரேக்’) பதித்தார்கள். இதை வைத்து, “இஃப் த ரேக் ஹேட் நாட் பீன் லெய்ட், தி எஞ்சின் குட் நாட் ஹேவ் க்ளைம்ட்” என்று எழுதலாம். முதல் வழி, ‘ஹேட்’ என்பதை முன்னால் கொண்டுவருவது: “ஹேட் த ரேக் நாட் பீன் லெய்ட், தி எஞ்சின் குட் நாட் ஹேவ் க்ளைம்ட்.” இவ்வாறு எழுதும்போது ‘நாட்’ எழுவாய்க்குப் பின்னால் தனியாக நிற்க வேண்டும், ‘ஹேடன்ட்’ என்று சுருக்கி முன்னால் வைக்கக்கூடாது. இரண்டாவது வழி, பெயர்ச்சொல்லோடு ‘பட் ஃபார்’ சேர்ப்பது: “பட் ஃபார் த ரேக், தி எஞ்சின் குட் நாட் ஹேவ் க்ளைம்ட்.” இதில் வினையே இல்லாததால் ‘ஹேட்’ வராது, விளைவுப் பகுதி மட்டும் அப்படியே இருக்கும்.